அறிபுனை மாதிரியுருக்களில் ஒளியமைப்பு

அறிபுனை மாதிரியுருக்களில் ஒளியமைப்பு என்பது, அறிபுனைத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் விண்கலங்கள், இயந்திர மனிதர்கள் முதலியவற்றின் சிறிய உருவங்களுக்குள் விளக்குகளையும் எளிய மின்னணுச் சுற்றுகளையும் பொருத்தி, அவற்றை ஒளிரவும் மினுங்கவும் செய்யும் பொழுதுபோக்குக் கலை ஆகும். கடைகளில் உதிரிகளாக விற்கப்படும் நெகிழி மாதிரித் தொகுப்புகளே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. மாதிரியுருவை ஒட்டி முடிக்கும் முன்னர் அதன் உட்புறத்தில் ஒளியுமிழ் இருமுனையங்கள், ஒளியிழைகள், கம்பிகள் ஆகியவை அமைக்கப்படுகின்றன. மினுங்கும் வேகத்தையும் ஒளிரும் வரிசையையும் ஒரு சிறிய மின்சுற்று கட்டுப்படுத்துகின்றது.

ஒளி சேர்ப்பதன் முதன்மை நோக்கம் அழகு மட்டுமன்று. கையில் அடங்கும் ஒரு நெகிழிப் பொருளைப் பல நூறு மீட்டர் நீளமான கலம் என்று கண்ணை நம்பச் செய்வதே இதன் நோக்கம். சாளரங்களின் அளவும் ஒளியின் செறிவும் மினுங்கும் வேகமும் பொருந்தினால் மாதிரியுரு பெரிதாகத் தோன்றும். அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அது விளையாட்டுப் பொருளாகவே தோன்றும்.

வரலாறு

திரைப்பட மாதிரியுருக்கள்

இக்கலை திரைப்படத் தொழிலில் பயன்பட்ட பெரிய மாதிரியுருக்களிலிருந்து தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்காக 1964 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எண்டர்பிரைஸ் விண்கலத்தின் மாதிரியுரு இவற்றுள் புகழ் பெற்றது. ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளமுடைய இம்மாதிரியுரு மரம், நெகிழி, உலோகத் தகடு ஆகியவற்றால் ஆனது. முதல் முன்னோட்ட நிகழ்ச்சி படமாக்கப்பட்டபோது இதில் உள் விளக்குகள் இருக்கவில்லை. பின்னரே சாளரங்களுக்குள் விளக்குகள் பொருத்தப்பட்டன. இயந்திரக் குழல்களின் முன்புறக் குவிமாடங்களில், மின்னோடியால் சுழலும் இதழ்களுக்குப் பின்னால் சிறிய வண்ண விளக்குகள் மினுங்குமாறு செய்யப்பட்டது.

விளக்குகளுக்கான கம்பிகள் கலத்தின் இடப்பக்கத்தின் வழியாக உள்ளே சென்றன. ஆகவே அப்பக்கம் முழுமையாக நிறைவு செய்யப்படாமல் விடப்பட்டு, வலப்பக்கமே படம்பிடிக்கப்பட்டது. 'கம்பிகளை எங்கே மறைப்பது' என்பது இன்றும் இக்கலையின் முதற் கேள்வியாக உள்ளது.

இம்மாதிரியுரு 1974 ஆம் ஆண்டில் சிமித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. அந்நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகம் இதனை 2014 முதல் 2016 வரை சீரமைத்து மீண்டும் காட்சிக்கு வைத்தது. அச்சீரமைப்பின்போது உள் விளக்குகளாக ஒளியுமிழ் இருமுனையங்கள் பொருத்தப்பட்டன.

1977 ஆம் ஆண்டில் வெளிவந்த 'குளோஸ் என்கவுண்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்' திரைப்படத்தின் தாய்க்கலம் ஒளியையே தன் உருவமாகக் கொண்டது. ரால்ஃப் மெக்குவாரி வடிவமைத்த இக்கலத்தின் மாதிரியுருவை கிரெக் ஜீன் தலைமையிலான குழு செய்தது. ஸ்டார் வார்ஸ் வரிசையின் இரண்டாம் படமான 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்துக்காக ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளத்தில் புதிய ஸ்டார் டெஸ்ட்ராயர் மாதிரியுரு செய்யப்பட்டது. அதன் நுண்ணிய சாளரங்களுக்கு ஒளியிழைகள் ஒளியூட்டின. 1979 ஆம் ஆண்டின் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், விண்வெளியின் இருளில் கலம் தன் மேற்பரப்பின்மீது தானே ஒளி வீசிக்கொள்வதுபோல் காட்டும் முறை கையாளப்பட்டது.

இத்தகைய படங்களில் கலத்தின் உடலும் அதன் விளக்குகளும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டங்களாகப் படம்பிடிக்கப்பட்டுப் பின்னர் ஒன்றாக்கப்பட்டன. ஒளிப்படக்கருவி கணினியின் கட்டுப்பாட்டில் ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் நகர்ந்ததால் இது இயன்றது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனியான ஒளியேற்பு நேரம் வைத்து, விளக்கின் செறிவைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வீட்டு அலமாரியில் வைக்கப்படும் மாதிரியுருவுக்கு இந்த வசதி இல்லை. அறையின் வெளிச்சமும் கலத்தின் வெளிச்சமும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், விளக்குகளின் செறிவைச் செய்பவரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும்.

விற்பனைக்கு வந்த தொகுப்புகள்

ஏ.எம்.டி நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட எண்டர்பிரைஸ் தொகுப்பின் தொடக்கப் பதிப்புகளில் சிறு மின்குமிழ்கள் இணைக்கப்பட்டிருந்தன. பிந்திய பதிப்புகளில் அவை கைவிடப்பட்டன. எம்.பி.சி நிறுவனம் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட மில்லேனியம் ஃபால்கன் தொகுப்பும் விளக்குகளுடன் வந்தது. இக்காலத்தில் பயன்பட்டவை கோதுமை மணி அளவிலான இழை மின்குமிழ்கள் ஆகும். இவை வெப்பம் மிகுந்தவை. மின்கலத்தை விரைவில் தீர்ப்பவை. இழை அறுந்துவிட்டால் மாற்ற வேண்டியவை. மூடி ஒட்டப்பட்ட கலத்துக்குள் இவை பழுதானால் கலத்தை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்நிலையை மாற்றியது ஒளியுமிழ் இருமுனையம் ஆகும். கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளியைத் தரும் இருமுனையத்தை நிக் ஹோலோன்யாக் 1962 ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஆனால் நீல ஒளி நெடுங்காலம் எட்டாதிருந்தது. நீலம் இல்லாமல் வெள்ளையும் இல்லை. வெள்ளை இல்லாமல் சாளரங்களும் இல்லை. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகியோரின் பணியால் செறிவான நீல இருமுனையம் 1990களின் தொடக்கத்தில் உருவாயிற்று. இதற்காக இம்மூவருக்கும் 2014 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல இருமுனையத்தின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு இட்டு வெள்ளொளி பெறப்பட்டது. அதன் பின்னர் மின்குமிழ்கள் இப்பொழுதுபோக்கிலிருந்து பெரும்பாலும் மறைந்தன.

சப்பானின் பண்டாய் நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட 1/72 அளவு மில்லேனியம் ஃபால்கன் தொகுப்பு, விளக்குகளுடனும் விளக்குகள் இன்றியும் இரு வகையாக வந்தது. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த 1/350 அளவு எண்டர்பிரைஸ் தொகுப்புக்கு விளக்குத் தொகுதி தனியாக விற்கப்பட்டது.

அளவும் ஒளியும்

ஒளியமைப்பில் முதலில் கணக்கிட வேண்டியது அளவு விகிதம் ஆகும். தொடரின் கதைப்படி எண்டர்பிரைஸ் கலத்தின் நீளம் ஏறத்தாழ 289 மீட்டர். 1/350 அளவில் இது 82 சென்டிமீட்டராகவும், 1/1000 அளவில் 29 சென்டிமீட்டராகவும் குறைகின்றது. ஒரு மீட்டர் உயரமுள்ள சாளரம் 1/350 அளவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகவும், 1/1000 அளவில் 1 மில்லிமீட்டராகவும் இருக்கும்.

கடையில் எளிதில் கிடைக்கும் இருமுனையத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர். இதனை 1/1000 அளவுக் கலத்தின் மேற்பரப்பில் அப்படியே பதித்தால், அது 5 மீட்டர் அகலமான விளக்குக்கு ஒப்பாகும். அத்தகைய விளக்கு எந்தக் கலத்திலும் இருக்காது என்பதைக் கண் உடனே உணர்ந்துவிடும். மாறாக, 0.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒளியிழையின் முனை அதே அளவில் 25 சென்டிமீட்டர் விளக்கை ஒக்கும். எனவே சிறிய மாதிரியுருக்களில் இருமுனையத்தை உள்ளே மறைத்து, ஒளியிழையின் முனையை மட்டும் வெளியே காட்டுவர்.

செறிவும் இதே வகையில் கருதப்படுகின்றது. பெரும்பாலான சிறு இருமுனையங்கள் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் மாதிரியுருவின் சாளரங்களுக்கு 2 முதல் 10 மில்லி ஆம்பியர் வரை பெரும்பாலும் போதுமானது. கூசும் ஒளி சாளரத்தின் விளிம்புகளை மறைத்து உருவத்தைச் சிறியதாகக் காட்டும்.

எவை மினுங்க வேண்டும் என்பதும் முக்கியமானது. உண்மையான கப்பல்களிலும் வானூர்திகளிலும் இடப்பக்கத்தில் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்தில் பச்சை விளக்கும் வைப்பது மரபு. ஸ்டார் ட்ரெக் கலங்களும் இம்மரபைப் பின்பற்றுகின்றன. வானூர்திகளின் மோதல் தடுப்பு விளக்குகள் நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை வரை மினுங்குமாறு அமெரிக்க வானூர்தி விதிகள் கூறுகின்றன. நொடிக்கு ஒரு முறை என்ற வேகம் இவ்வெல்லைக்குள் அமைவதால் மாதிரியுருவுக்கும் பொருந்துகின்றது. சாளரங்கள் மினுங்குவதில்லை, அவை நிலையாக ஒளிர வேண்டும். அனைத்தும் மினுங்கினால் கலம் திருவிழாப் பந்தல்போல் ஆகிவிடும். சில சாளரங்களை இருளாகவே விட்டுவிடுவதும் வழக்கம். உள்ளே மனிதர் வாழ்கின்றனர், சிலர் விளக்கணைத்து உறங்குகின்றனர் என்ற எண்ணத்தை இது தருகின்றது.

அடிப்படை மின்னணுவியல்

மின்தடையத்தைக் கணித்தல்

இருமுனையம் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். அதன் நீண்ட கால் நேர்முனையுடன் இணைக்கப்பட வேண்டும். மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள இயலாததால் அதனுடன் ஒரு மின்தடையம் தொடராக இணைக்கப்படுகின்றது. இருமுனையம் எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தம் நிறத்துக்கு ஏற்ப வேறுபடும்:

* சிவப்பு, மஞ்சள்: ஏறத்தாழ 2 வோல்ட்டு
* நீலம், வெள்ளை, செறிவான பச்சை: ஏறத்தாழ 3 முதல் 3.4 வோல்ட்டு

மின்தடையத்தின் அளவு ஓமின் விதிப்படி கணிக்கப்படுகின்றது. மின்வழங்கியின் அழுத்தத்திலிருந்து இருமுனையத்தின் அழுத்தத்தைக் கழித்து, வரும் விடையை வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். 9 வோல்ட்டு மின்கலத்தில் 3.2 வோல்ட்டு வெள்ளை இருமுனையத்தை 10 மில்லி ஆம்பியரில் ஒளிரச் செய்ய, 5.8 ஐ 0.010 ஆல் வகுத்தால் 580 ஓம் கிடைக்கும். இதற்கு அடுத்த பெரிய வழக்கமான அளவான 680 ஓம் மின்தடையத்தைப் பயன்படுத்தலாம்.

பல இருமுனையங்களைப் பக்க இணைப்பில் சேர்த்து அனைத்துக்கும் ஒரே மின்தடையத்தை வைப்பது தொடக்கநிலையினர் செய்யும் பிழை ஆகும். ஒரே வகை இருமுனையங்களிலும் அழுத்தம் சிறிது வேறுபடுவதால், ஒன்று கூடுதலான மின்னோட்டத்தை இழுத்து மிகுதியாக ஒளிரும், மற்றவை மங்கும். ஒவ்வொரு கிளைக்கும் தனி மின்தடையம் வைப்பதே சரியான முறை. மின்வழங்கியின் அழுத்தம் போதுமானதாயின், இரண்டு அல்லது மூன்று இருமுனையங்களைத் தொடராக இணைத்து ஒரு மின்தடையத்தால் கட்டுப்படுத்தலாம்.

மினுங்கும் சுற்றுகள்

மினுங்கும் ஒளியைப் பெறப் பல வழிகள் உள்ளன.

தானே மினுங்கும் இருமுனையம்: இதன் உள்ளேயே ஒரு நுண்ணிய தொகுசுற்று அடங்கியுள்ளது. மின்சாரம் அளித்தால் போதும். ஆனால் மினுங்கும் வேகத்தை மாற்ற இயலாது. இரண்டை ஒருங்கே இயக்கினால் அவை சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று இசையாமல் போகும்.

இரட்டைத் திரிதடையச் சுற்று: இரண்டு திரிதடையங்கள் மாறி மாறி இயங்கி, இரு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரச் செய்யும். 47 கிலோ ஓம் மின்தடையமும் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும் இருந்தால் ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி ஒளிரும். மின்னணுவியலைக் கற்கும் மாணவருக்கு இது மிகவும் பயனுள்ள சுற்று ஆகும்.

555 டைமர்: ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த இத்தொகுசுற்று 1972 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இது 4.5 முதல் 16 வோல்ட்டு வரை இயங்கும். இரண்டு மின்தடையங்களும் ஒரு மின்தேக்கியும் அதன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் மின்தடையத்துடன் இரண்டாவதன் இரு மடங்கைக் கூட்டி, மின்தேக்கியின் அளவால் பெருக்கி, அவ்விடையால் 1.44 ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் ஆகிய அளவுகளை இட்டால் ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை மினுங்கும். இதில் விளக்கு 0.54 நொடி எரிந்து 0.47 நொடி அணைந்திருக்கும்.

4017 எண்ணி: 555 அளிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் இதன் பத்து வெளியீடுகளில் அடுத்தது ஒளிரும். எனவே விளக்குகள் ஓடுவது போன்ற தோற்றம் கிடைக்கும். 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் சைலோன் இயந்திரங்களுடைய சிவந்த கண்ணும், 1982 ஆம் ஆண்டில் தொடங்கிய நைட் ரைடர் தொடரின் மகிழுந்து முகப்பும் இவ்வாறு இடமும் வலமும் அலையும் ஒளியைக் கொண்டவை. இரு தொடர்களையும் உருவாக்கியவர் கிளென் லார்சன். இவ்விளைவை ஆறு இருமுனையங்களால் பெறலாம். இரு முனைகளிலும் உள்ளவை ஒவ்வொரு வெளியீட்டையும், நடுவிலுள்ள நான்கும் இவ்விரண்டு வெளியீடுகளையும் பயன்படுத்தும். ஆகப் பத்தும் நிறைவுபெறும். இரு வெளியீடுகள் ஒரே விளக்கில் சேரும் இடங்களில், ஒன்று மற்றதைக் குறுக்குச்சுற்று ஆக்காதிருக்கச் சாதாரண இருமுனையங்கள் எட்டு இடப்படுகின்றன.

நுண்கட்டுப்படுத்திகள்

நிரலெழுதி இயக்கப்படும் நுண்கட்டுப்படுத்திகள் பல சுற்றுகளின் வேலையை ஒரே சில்லில் செய்கின்றன. 2005 ஆம் ஆண்டில் இத்தாலியில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஆர்டுயினோ இதனை எளிதாக்கியது. எட்டுக் கால்களே கொண்ட ஏடிடைனி85 போன்ற சிறு சில்லுகள் மாதிரியுருவின் உள்ளேயே அடங்கும்.

ஒளியை மெல்லக் கூட்டிக் குறைப்பது இவற்றின் சிறப்பாகும். இதற்காக விளக்கு மிக விரைவாக எரிந்து அணைகின்றது. நொடிக்குச் சில நூறு முறை நிகழும் இம்மாற்றத்தைக் கண் உணர்வதில்லை. எரியும் நேரத்தின் பங்கை மட்டும் செறிவாக உணர்கின்றது. விண்கலத்தின் இயந்திரம் சுழல்வது போன்ற தோற்றம், பீரங்கி சுடுமுன் ஒளி திரள்வது, பழுதடைந்த விளக்கு ஒழுங்கின்றித் துடிப்பது முதலியன இவ்வாறு செய்யப்படுகின்றன. சில்லின் கால்கள் குறைந்த மின்னோட்டத்தையே தாங்குமாதலால், பல விளக்குகளை இயக்கத் திரிதடையம் ஒன்று இடையில் வைக்கப்படும்.

செய்முறை

திட்டமிடல்

ஒளியமைப்பில் மிகப் பெரும்பாலான வேலை ஒட்டுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். சாதாரண மாதிரியுருவில் ஒட்டிய பின்னர் ஏற்படும் பிழையை மேலிருந்து திருத்தலாம். ஒளியூட்டிய மாதிரியுருவில் பிழை உள்ளே இருக்கும். ஆகவே உதிரிகளை ஒட்டுநாடாவால் தற்காலிகமாக இணைத்துப் பார்த்து, விளக்குகளின் இடம், கம்பிகள் செல்லும் பாதை, மின்சாரம் நுழையும் வாயில் ஆகியன வரைபடமாகக் குறிக்கப்படுகின்றன.

பெரும்பாலானோர் தாங்கியின் தண்டாகப் பித்தளைக் குழாயைப் பயன்படுத்தி, அதன் வழியாகக் கம்பிகளை அடிப்பலகைக்குக் கொண்டுசெல்வர். அனைத்து விளக்குகளின் எதிர்முனைகளையும் ஒரே கம்பியில் சேர்த்தால் கம்பிகளின் எண்ணிக்கை குறையும். 555 சுற்று, நுண்கட்டுப்படுத்தி, மின்தடையங்கள் ஆகியவற்றை அடிப்பலகையில் வைப்பதே நலம். கலத்துக்குள் இருமுனையங்களும் கம்பிகளும் மட்டும் இருந்தால், பழுதாகக்கூடிய பெரும்பாலான உறுப்புகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். வேகத்தையும் செறிவையும் பின்னரும் மாற்றலாம்.

ஒளிக்கசிவைத் தடுத்தல்

மாதிரித் தொகுப்புகள் பாலிசுடைரீன் என்னும் நெகிழியால் ஆனவை. இது கனமாகத் தோன்றினாலும் ஒளியை ஓரளவு ஊடுருவவிடும். உள்ளே விளக்கெரிந்தால் கலத்தின் சுவர் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்து, மெல்லிய ஓடு என்பதைக் காட்டிக்கொடுக்கும். இதனைத் தடுக்க உட்புறத்தில் முதலில் கறுப்பு வண்ணம் பூசப்படுகின்றது. அதன்மேல் வெள்ளை அல்லது வெள்ளி வண்ணம் பூசினால் ஒளி எதிரொளித்து உட்புறமெங்கும் பரவும். இணைப்புகளின் விளிம்புகளில் உள்ள இடைவெளிகள் நிரப்புபசையால் அடைக்கப்படுகின்றன. இருட்டறையில் விளக்கேற்றிச் சோதித்தாலன்றிக் கசிவுகள் முழுமையாகத் தெரியா.

ஒளி ஒரே புள்ளியாகத் தெரியாமல் பரவ வேண்டுமாயின், இருமுனையத்தின் குவிந்த முனையை அரத்தால் தேய்த்து மங்கலாக்குவர். சாளரங்களின் பின்னால் மெல்லிய வெள்ளை நெகிழித் தாளை ஒட்டுவதும் உண்டு.

ஒளியிழைகள்

0.25, 0.5, 0.75, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நெகிழி ஒளியிழைகள் பரவலாகப் பயன்படுகின்றன. கலத்தின் சுவரில் நுண்துளைப்பானால் துளையிட்டு இழையைச் செலுத்துவர். உட்புறத்தில் பல இழைகளைக் கட்டாக்கி, சூட்டில் சுருங்கும் குழாயொன்றால் ஓர் இருமுனையத்துடன் பிணைப்பர். இவ்வாறு ஒரே இருமுனையம் பல பத்துச் சாளரங்களுக்கு ஒளி தரும். வண்ணம் பூசிய பின்னர் வெளியே நீண்டிருக்கும் இழைகள் மேற்பரப்போடு ஒட்ட வெட்டப்படுகின்றன. விளக்கு முனையாகக் காட்ட வேண்டிய இடங்களில், சூடான பொருளொன்றை இழையின் முனைக்கு அருகே கொண்டுசென்றால் முனை காளான்போல் விரியும்.

இழைகளை ஒட்ட வெள்ளைப் பசையோ இரு கூறு எப்பாக்சிப் பசையோ ஏற்றது. உடனடியாக ஒட்டும் சயனோ அக்ரிலேட் பசை இழையை நொறுங்கச் செய்யும் என்பதால் அது தவிர்க்கப்படுகின்றது.

சோதித்தலும் மூடுதலும்

ஒவ்வொரு இணைப்பும் செய்த உடனே சோதிக்கப்பட வேண்டும். கம்பிகளை ஈயப் பற்றாசால் இணைக்கும் சூட்டுக்கோலின் முனை 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கும். பாலிசுடைரீனோ ஏறத்தாழ 100 பாகையிலேயே இளகிவிடும். ஆகவே பற்றவைப்பைக் கலத்துக்கு வெளியே முடித்துவிட்டு, பின்னர் உள்ளே பொருத்துவதே பாதுகாப்பானது. வெறுமையான கம்பி முனைகள் உறையிடப்பட வேண்டும். கம்பி இழுபடும்போது இணைப்பு அறாதிருக்க, அதன் அருகே கம்பி பசையால் சுவருடன் நிலைப்படுத்தப்படுகின்றது.

மூடுவதற்கு முன்னர் முழு ஒளியமைப்பையும் பல மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டுப் பார்ப்பர். குளிர்ந்த இணைப்புகளும் தளர்ந்த கம்பிகளும் இச்சோதனையில் பெரும்பாலும் வெளிப்படும். மாதிரியுருவைச் சிறிது அசைத்தும் கவிழ்த்தும் பார்ப்பது நல்லது. இயன்ற இடங்களில் ஒரு பலகத்தை ஒட்டாமல் சிறு காந்தங்களால் பிடித்துவைத்தால், பின்னர் திறக்க வழியிருக்கும்.

எடுத்துக்காட்டு

1/1000 அளவில் ஒரு விண்கலத்துக்கு 12 வோல்ட்டு மின்வழங்கி பயன்படுவதாகக் கொள்வோம். சாளரங்களுக்கு ஒன்பது வெள்ளை இருமுனையங்கள் மூன்று தொடர்களாக இணைக்கப்படுகின்றன. ஒரு தொடரின் மூன்று இருமுனையங்களும் சேர்ந்து 9.6 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 2.4 வோல்ட்டை 0.010 ஆம்பியரால் வகுத்தால் 240 ஓம். 270 ஓம் மின்தடையம் பொருந்தும். மூன்று தொடர்களுக்கும் ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் போதும்.

இடப்பக்கச் சிவப்பு விளக்குக்கும் வலப்பக்கப் பச்சை விளக்குக்கும் 555 சுற்று நொடிக்கு ஒரு துடிப்பை அளிக்கின்றது. ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி ஆம்பியர் போதுமாகையால், சிவப்புக்கு 2.2 கிலோ ஓமும் செறிவான பச்சைக்கு 1.8 கிலோ ஓமும் இடலாம். சுற்றின் சொந்தத் தேவையையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 50 மில்லி ஆம்பியர் ஆகும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள 1.5 வோல்ட்டு மின்கலங்கள் எட்டைத் தொடராக இணைத்தால் இது ஏறத்தாழ 40 மணி நேரம் எரியும். இதே வேலைக்கு இழை மின்குமிழ்களைப் பயன்படுத்திய காலத்தில் ஒரு சில குமிழ்களே இந்த அளவு மின்னோட்டத்தை விழுங்கிவிடும்.

பாதுகாப்பு

வீட்டு மின்னிணைப்பின் 230 வோல்ட்டு மின்சாரம் எக்காரணம் கொண்டும் மாதிரியுருவுக்குள் கொண்டுசெல்லப்படலாகாது. 5 முதல் 12 வோல்ட்டு வரை தரும், உறையிடப்பட்ட மின்மாற்றி அலகே பயன்படுத்தப்பட வேண்டும். பற்றவைக்கும்போது எழும் புகையும் நெகிழிப் பசையின் ஆவியும் உடலுக்குத் தீங்கானவை என்பதால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். நெகிழிப் பசை எளிதில் தீப்பற்றுவதால் சூட்டுக்கோலின் அருகே திறந்து வைக்கலாகாது. ஈயம் கலந்த பற்றாசைக் கையாண்ட பின்னர் கை கழுவ வேண்டும். பொத்தான் வடிவ மின்கலங்களைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாய் கடுமையாகப் புண்படும். எனவே அவற்றின் உறை திருகாணியால் மூடப்பட வேண்டும்.

கல்விப் பயன்

ஓமின் விதி, மின்தேக்கியின் மின்னேற்றம், அதிர்வெண், எண்ணிகள், நிரலாக்கம் ஆகியன பாடநூலில் தனித்தனியாகக் காணப்படுபவை. ஒரு விண்கலத்தை ஒளியூட்டும் மாணவருக்கு இவை அனைத்தும் ஒரே வேலைக்குத் தேவைப்படுகின்றன. மின்தடையத்தின் அளவு பிழைத்தால் சாளரம் மங்கும் அல்லது இருமுனையம் கருகும்; மின்தேக்கியை மாற்றினால் மினுங்கும் வேகம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஒட்டி மூடிய பின்னர் திருத்த இயலாது என்ற நிலை, முன்கூட்டித் திட்டமிடும் பழக்கத்தையும் ஒவ்வொரு படியையும் சோதித்துச் செல்லும் பழக்கத்தையும் வளர்க்கின்றது. மாதிரித் தொகுப்பு கிடைக்காத இடங்களில் அட்டை, காலியான நெகிழிக் குப்பிகள், பழைய விளையாட்டுப் பொருள்களின் உதிரிகள் ஆகியவற்றாலும் கலம் செய்யலாம். திரைப்பட மாதிரியுருக்களைச் செய்த கலைஞர்களும் கடைகளில் விற்ற பீரங்கி வண்டி, வானூர்தி, கப்பல் தொகுப்புகளின் உதிரிகளைக் கலத்தின் மேற்பரப்பில் ஒட்டியே நுணுக்கங்களை உருவாக்கினர்.